கடைசி அத்தியாயமும் கார் சாவியும்

உலகில் பாடகர்கள் உண்டு, பேச்சாளர்கள் உண்டு, இரண்டுக்கும் முயன்று இரண்டிலும் தேறாதவர்கள் உண்டு. இந்த மூன்றாம் வகையிலிருந்து அண்மையில் கிளை பிரிந்து செழித்து வரும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்: பழைய நாவல்களைச் சம்பளமில்லாமல் ஒலிநூலாக வாசித்துத் தரக் கிளம்பியிருக்கும் புதுத் தொண்டர்.

கண்டுபிடிப்பது எளிது. போனில் "ஹலோ" சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமுவார். ஐஸ் தண்ணீரைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் விலகுவார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட சக ஊழியரிடம், "இந்த வாரம் வாய்ஸுக்கு ரெஸ்ட் குடுத்திருக்கேன்" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அயலூரில் பிழைக்க வந்து, பகலெல்லாம் இன்னொரு மொழியில் மன்னிப்புக் கேட்டே நாளை ஓட்டுகிறவர் ஆதலால், நம் தமிழ் துருப்பிடித்துவிட்டதோ என்ற பயம் அவருக்கு உள்ளூர உண்டு. அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு அவர் செய்துகொள்ளும் வைத்தியத்தைத்தான் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர். முப்பத்திரண்டு அத்தியாயமுள்ள ஒரு நாவலைத் தொண்டர்கள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். புதியவர்கள் நடுவில் ஏதாவது சின்னதாக எடுத்துக்கொள்ளலாம் என்றார் குழுவை நடத்தும் அக்கா. அவர் ஓய்வுபெற்ற நூலகர். நம்மவர் கடைசி அத்தியாயத்தைக் கேட்டு வாங்கினார். முடிவு யார் வாயில் இருக்கிறதோ அவர்தானே கதாநாயகர்?

மற்ற முப்பத்தொன்றும் வெளிவந்துவிட்டன. நம்மவருடையது வரவில்லை. கதாநாயகி துறைமுகத்தில் பெட்டியோடு நிற்கிறாள். ஆறு வாரமாக நிற்கிறாள். நாற்பது வருஷம் ஊசியில் நூல் கோத்துக் கண் மங்கிப்போன தையல்காரர் ஒருவர், ஒவ்வோர் அத்தியாயமாகக் கேட்டு வந்தவர், வாரம் தவறாமல் அக்காவுக்குப் போன் போட்டார்: "அவ கப்பல் ஏறினாளா இல்லையாம்மா? அது தெரியாம சோறே இறங்கலை."

அக்கா நம்மவருக்குப் போன் போட்டார். "தம்பி, ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க."

ஏன் இத்தனை தாமதம்? துணி அலமாரிக்குள் கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே முக்காலி போட்டு, மடிக்கணினியை மடியில் வைத்து, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கி, பெற்ற மகளைப் பூனைபோல் நடக்கச் சொல்லி, சமையலறையில் பிரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் அணைத்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறப்பார். முதல் நாள் பிரிட்ஜை மறுபடி போட மறந்தார், பால் திரிந்தது. கார் சாவியைப் பிரிட்ஜுக்குள் வையுங்கள், சாவியைத் தேடும்போது பிரிட்ஜ் நினைவுக்கு வரும் என்று அனுபவஸ்தர்கள் யோசனை சொன்னார்கள். வைத்தார். மறுநாள் காலை வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு பஸ் ஏறி அலுவலகம் போனார். திரிந்த பாலைக் கொட்டப் போன மனைவிதான் சாவியைக் கண்டெடுத்தார்.

சரி, இவ்வளவும் செய்து வாசித்தாரா என்றால், முதல் வாக்கியத்தை நாற்பத்தேழு முறை வாசித்தார். "துண்டு எங்க?" என்று சாதுவாகக் கேட்கிற மனிதர், மைக்கைக் கண்டதும் படைக்கு ஆணையிடுகிற தளபதியாகிவிடுவார். மழை தூறியது என்று அவர் வாசித்தால் கேட்பவர் வீட்டுக் கூரை பறக்கும். மாதிரிக்கு முதல் பத்தியை இரண்டு முறை அனுப்பினார். இரண்டு முறையும் அக்காவிடமிருந்து திரும்பி வந்தது.

"தம்பி, அவ பெட்டியைத் தூக்குறா. நீங்க மலையைத் தூக்குறீங்க."

ஞாயிறு பிற்பகல், கோட்டு எடுக்க வந்த மனைவி அலமாரியைத் திறந்தார்.

"இன்னும் முதல் வரிதானா?"

"ரெக்கார்டிங் ஓடுது."

"ஓடட்டும். நான் பிரிட்ஜைப் போடப்போறேன். மூணாவது தடவையும் பாலைக் கொட்ட என்னால ஆகாது. ஆமா, அந்தப் பொண்ணு கப்பல் ஏறினாளா?"

"அது கடைசிப் பக்கத்துல வரும்."

"அதான், ஏறினாளா?"

நம்மவர் கோட்டுகளைப் பார்த்தார். கோட்டுகள் உதவவில்லை. ஆறு வாரமாக அவர் முதல் பக்கத்தையே தாண்டவில்லை.

"நீங்களே இன்னும் படிக்கலையா? ஊரையே மூச்சு விடாம உட்கார வச்சுட்டு?" மனைவி அரை நிமிஷம் சிரித்தார். "வெளிய வாங்க. துணி மடிக்கிற நேரம் எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துப் படித்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்கே தெரியாததால் தளபதி எழுந்திருக்க நேரமில்லை. ஓரிடத்தில் குரல் தானாகத் தாழ்ந்தது. மனைவியின் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே நின்றது. முடித்த பிறகுதான் கவனித்தார், ரெக்கார்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி வாசிக்க நேரமில்லை. முன்னால் இருந்த பால் விவகாரத்தை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினார்.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். "பின்னால பிரிட்ஜ் சத்தம் கேக்குது. இருந்துட்டுப் போகட்டும். தையல்காரர் கேட்டுட்டார். யாரோ பக்கத்துல உட்கார்ந்து தனக்காகப் படிச்ச மாதிரி இருந்துச்சாம். மதியம் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாராம்."

அவள் கப்பல் ஏறினாளா? பதினெட்டாம் நிமிஷத்தில் வருகிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர் திருந்தியிருப்பார் என்று நினைத்தால் இந்த இனத்தை நீங்கள் அறியவில்லை. அந்த வாரமே முன்னதைவிடப் பெரிய மைக் ஒன்று வீட்டுக்கு வந்தது. அது அலமாரியை அடைத்துக்கொண்டதில் கோட்டுகள் நிரந்தரமாக நாற்காலிக்குக் குடிபெயர்ந்தன. அடுத்து அவர் கேட்டு வாங்கியிருப்பது ஒரு போர்க்கதை. முழுவதும்.

சிரியுங்கள், தாராளமாக. ஆனால் அக்கா பேசிய இடங்களை மனசுக்குள் படித்தபோது நீங்கள் குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டீர்களா இல்லையா? மலையைத் தூக்குகிற இடத்துக்கு முன்னால், கேட்பவர் சிரிக்க வசதியாக, ஒரு நொடி நிறுத்தவும் செய்தீர்கள்தானே? எதற்கும் ஒருமுறை எழுந்துபோய் உங்கள் வீட்டுப் பிரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கார் சாவி உள்ளே இருந்தால், மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.