ஸ்பேனர் அண்ணனின் வெள்ளைக் கோடு

ஃபெரியில் ஒரு பெஞ்சு கடகடத்தால் போதும், எனக்குள் ஸ்பேனர் அண்ணே எழுந்து உட்கார்ந்துவிடுவார். பினாங்கில் அவர் முடுக்காத போல்ட்டே கிடையாது. ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் தாண்டி வேலைக்குப் போகும் அந்தச் சின்னப் பயணத்திலேயே நாலு பெஞ்சை முடுக்கிவிடுவார். ஒரு கல்யாணத்தில் பந்தி மேசைக்கு அடியில் தவழ்ந்தவரைத் திருடன் என்றே பிடித்துவிட்டார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

அக்கரையில் மாக் மண்டினில் இருந்த எங்கள் பட்டறை, காட்டில் மரம் அறுக்கும் செயின்சாவுக்கு மெக்னீசிய மூடி வார்த்தது. கனமே இல்லாத உலோகம். ஆனால் எஞ்சின் சூட்டில் மெல்ல மெல்லத் தளர்ந்து போல்ட்டைக் கைவிட்டுவிடும். "நல்லவன்தான், சூடு பட்டா இளகிடுவான்" என்பார் அண்ணே. அதற்கு மருந்து, லைட்டர் கல்லில் இருக்கும் அருமண் உலோகம், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. அது உலோகத்தின் மணிகளுக்கு இடையே போய் உட்கார்ந்து, சூட்டில் அவை நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

"ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரிலா. அள்ளிப் போட்டா கெட்டுச்சு."

அவர் கலந்து வார்த்த மூடி ஒரு வாரம் சூட்டடுப்பில் இருந்தது. போல்ட் தளராவிட்டால் ஆர்டர். தளர்ந்தால் எங்கள் வார்ப்புப் பிரிவுக்குப் பூட்டு. ஏழாம் நாள் எல்லாரும் சாப்பிடப் போனபோது சோதனை அறையில் நான் மட்டும் இருந்தேன், அறையின் கிளார்க். அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இனி எவன் வேலை கொடுப்பான்? பயம் என் கையைப் பிடித்து இழுத்தது. போல்ட்டில் ஸ்பேனரை வைத்து ஒரே ஒரு முடுக்கு முடுக்கினேன். லேசாகத் திரும்பியது.

யாராவது திருப்பினால் காட்டிக்கொடுக்கட்டும் என்று, போல்ட் தலையிலிருந்து மூடிவரை அண்ணே ஒரு வெள்ளைக் கோடு தீட்டி வைத்திருந்தார். எனக்கு அது நினைவே இல்லை. அளவெடுக்க வந்த அண்ணே குனிந்து பார்த்தார். கோடு முறிந்திருந்தது. சோதனை செல்லாது என்று அவரேதான் மேனேஜரிடம் சொன்னார். யார் கை வைத்தது என்று கேட்டார் மேனேஜர்.

அண்ணே என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் பாஸ். கை சும்மா இருக்கல."

எவருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஆர்டருக்கு அன்றோடு கெடு. இன்னொரு வாரம் கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் பிரிவை மூடினார்கள்.

சோதனை கெட்ட அன்று மாலை ஃபெரியில் பக்கத்துப் பெஞ்சு கடகடவென்று ஆடியது. அவர் கை ஸ்பேனர் பைக்குள் போகவில்லை. கடல் ஈயம்போல் கிடந்தது. இறங்குதுறைக் கூட்டம் எங்களைப் பிரித்தபோது அவர் திரும்பிச் சொன்னார்:

"நீ தொடாட்டியும் அந்தப் போல்ட் தளராம நின்னிருக்கும்லா, தம்பி."