பின்பக்க ஸ்பீக்கரில் ஒரு புலி

ஒரு காட்டில், கரண்ட் வருவதற்கு முன்பே டிவி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு காட்டில், சாரங்கன் என்ற புள்ளிமான் குடியிருந்தது. மனைவி பெயர் கஸ்தூரி. இரண்டு குட்டிகள். பாறைச் சரிவில் சொந்த வீடு, பின்னால் மூங்கில் புதர், உள்ளே கல்யாணச் சீராக வந்த டப்பா டிவி.

அந்த டிவியில் எல்லோரும் பச்சையாகத்தான் தெரிவார்கள். கிளி பச்சை, சரி. செய்தி வாசிக்கிற கொக்கும் பச்சை. படம் ஆடினால் இடது பக்கம் இரண்டு தட்டு, தலையில் ஒரு குட்டு. எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பது சாரங்கனுக்கு மட்டுமே தெரியும். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

புதுசு வாங்கக் கூடாது என்றெல்லாம் இல்லை. தட்டை டிவி வந்தபோது, இரு, ஹெச்.டி. வரட்டும் என்றது. ஹெச்.டி. வந்தது. இரு, ஃபோர் கே வரப்போகிறதாம் என்றது. அதுவும் வந்தது. அதற்கும் மேலே ஒன்று வருவதாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டது. இதற்குள் அதன் கொம்பு நாலு தடவை உதிர்ந்து முளைத்தாயிற்று. இத்தனைக்கும் காட்டில் யார் டிவி வாங்கினாலும் சாரங்கனிடம்தான் யோசனை கேட்பார்கள். கடை நோட்டீஸ் ஒவ்வொன்றையும் வரி விடாமல் படித்துவிட்டு, அப்புறம் தின்கிற ஒரே மிருகம் அதுதான். ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நம் வீட்டுக் கொக்கு எப்போது வெளுக்கும் என்று கஸ்தூரி தினமும் குத்திக் காட்டும்.

கடைசியில் சாரங்கனை மசிய வைத்தது ஷோரூம் நரி. சும்மா விசாரித்துவிட்டு வரலாம் என்றுதான் சாரங்கன் போனது. எல்லோரும் அப்படித்தானே போகிறோம். நரி எதையும் போட்டுக் காட்டவில்லை, புகழவும் இல்லை.

"சார், உங்க டிவியில புலி எப்படித் தெரியுது?"

பச்சைப் பூனை மாதிரி தெரிகிறது என்று சாரங்கன் உள்ளதைச் சொன்னது.

"நாளைக்கு உங்க பிள்ளைங்க நிஜப் புலியைப் பார்த்து, பூனைன்னு நினைச்சுக் கிட்டப் போயிட்டா?"

பெற்ற மனசு இல்லையா, சாரங்கன் விலையைக்கூடக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே அறுபத்தைந்து அங்குலத் திரைக்கும் ஆறு ஸ்பீக்கருக்கும் தலையாட்டியது. நரி வாரண்டி படிவத்தை நீட்டியது. பெயர், வீட்டுக்கு வழி, குடும்பத்தில் எத்தனை பேர், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்க்கும் நேரம், ஆளுக்கு எத்தனை கிலோ. கிலோ எதற்கப்பா என்று சாரங்கன் கேட்டது. சோபா தாங்க வேண்டாமா சார் என்றது நரி. நியாயமாகத்தான் பட்டது. நான்கு பேர் எடையையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, குளம்பைப் பதித்துக் கொடுத்தது.

மறுநாள் கடைக் குரங்கு வந்து டிவியை மாட்டியது. முன்னால் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, மூலையில் கும் கும் என்று அதிர்கிற வூஃபர். மிச்சம் இரண்டையும் பின்னால் மூங்கிலில் கட்டியது.

"ஏங்க, கொக்கு வெள்ளையாங்க!" என்று கஸ்தூரி கண் கலங்கியது.

அப்போது முதுகுக்குப் பின்னால் சருகு நொறுங்கியது. நான்கும் எடுத்த ஓட்டம் ஓடைக்கரையில்தான் போய் நின்றது. அது படத்தில் வருகிற சருகு, பின்பக்க ஸ்பீக்கரில் கேட்கிறது என்று குரங்கு தலையிலடித்துக்கொண்டு விளக்கிக் கூட்டிவந்தது. அன்றைக்குப் பதினொரு தடவை ஓடின. அடுத்த நாள் நாலு தடவை. வாரக் கடைசியில் சருகு என்ன, மரமே முறிந்தாலும் ஒரு காதும் அசையவில்லை. சத்தம் கேட்டால் ஓடு என்று ஆயிரம் தலைமுறையாக மான்கள் பழகி வைத்திருந்தது எட்டே நாளில் போயிற்று. சாரங்கனுக்கு அதில் பெருமைதான், வீடு நாகரிகமாகிவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. திரையில் ஒரு புலி புல்லுக்குள் பதுங்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தது. பின்னால் சருகு நொறுங்கியது. என்ன துல்லியம் என்று சாரங்கன் மெச்சிக்கொண்டது. பிறகு ஒரு வாடை வந்தது. வாடை கூட வருகிறதே, நரி சொல்லவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டது. பிடரியில் சூடாக மூச்சுப் பட்டது. அப்போதும் அந்தப் பேதைக்கு உறைக்கவில்லை.

"தம்பி, கொம்பைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு. மறைக்குது."

சாரங்கன் திரும்பிப் பார்த்தது. திரையில் ஒரு புலி, பின்னால் ஒரு புலி. இரண்டும் ஒரே தெளிவு.

பின்னால் இருந்தவர் நிஜமானவர். இவரை மட்டும் ஏன் மரியாதையாகச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், எனக்கும் பிள்ளை குட்டி உண்டு. தன் இனத்தை இவ்வளவு பெரிதாக அவர் பார்த்ததே இல்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஆனால் திரைப் புலி மானை நெருங்க நெருங்க, இவர் நாக்கு உதட்டைத் தடவ ஆரம்பித்தது. கஸ்தூரிதான் சுதாரித்துக்கொண்டது. ரிமோட்டை எடுத்துச் சீரியலுக்கு மாற்றியது. அங்கே ஒரு மாமியார் பாயசத்தில் எதையோ கலந்துகொண்டிருந்தாள்.

"என்னத்தைக் கலக்குறா அவ?" என்றார் புலியார்.

"அது பெரிய கதைண்ணே. உக்காருங்க, சொல்றேன்."

அண்ணன் முறை வைத்துவிட்டது கெட்டிக்காரி. புலியார் உட்கார்ந்தார். மருமகள் பாயசத்தைக் குடித்தாளா என்று தெரிந்துகொள்ள மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். வருகிற வழியில் வேறு எங்கேயோ சாப்பிட்டுவிட்டு வருவார், யார் வீட்டில் என்று யாரும் கேட்பதில்லை. குட்டிகள் அவர் மடியிலேயே தூங்க ஆரம்பித்தன. படம் ஓடுகிறவரை உயிர் நம்முடையது என்பது சாரங்கனுக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது மாதம் ஒரு மதியம், விளம்பர இடைவேளையில், புலியார் கொட்டாவி விட்டார்.

பெரிய கொட்டாவி. அத்தனை பல்லும் வரிசையாக, துல்லியமாகத் தெரிந்தன. பிறகு மடியில் கிடந்த சின்னக் குட்டியைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"படம் கொஞ்சம் மங்கலா இருக்குல்ல தம்பி? நாளைக்கும் இப்படித்தான் தெரியுமா?"

பல வருஷமாக ஒரு டிவியை மாற்ற நாள் பார்த்த அதே சாரங்கன், அடுத்த நொடி பாய்ந்த பாய்ச்சல் ஷோரூம் வாசலில்தான் நின்றது. அங்கே பெரிய வரிசை. முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி. எல்லோருக்கும் மூச்சிரைத்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முறை வந்ததும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் சாரங்கன் விழித்தது. நரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கொட்டாவி விட்டுட்டாரா சார்?"

சாரங்கன் தலையாட்டியது. நரி உள்ளே பார்த்து ஒரு புது டிவிப் பெட்டியை எடுத்துவரச் சொல்லிவிட்டு, பழைய படிவத்தைத் தேடி எடுத்து நீட்டியது. எல்லாம் சாரங்கன் எழுதியபடியேதான் இருந்தது. சின்னக் குட்டியின் எடைக்குப் பக்கத்தில் மட்டும் யாரோ பெரிய நகத்தால் ஒரு டிக் போட்டிருந்தார்கள்.

சாரங்கன் குளம்பைப் பதித்தது. பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அடுத்த மாடல் எப்போது வந்தாலும் முதல் பெட்டி தனக்குத்தான் என்று சொல்லிவைத்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடியது.

நீதி: பழைய டிவியை எப்போது மாற்றலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். புலி கொட்டாவி விட்டதும் மாற்றினால் போதும்.