மூன்றாவது கரண்டி

“யாராச்சும் ‘சாப்பிட்டாச்சா’ன்னு கேட்டா என்ன சொல்லணும்?”

பினாங்குப் பாலத்து நெரிசலில் காரை மெல்ல நகர்த்திக்கொண்டே மோகனராஜ் கேட்டார்.

“சாப்பிட்டிருந்தா ஆமான்னு சொல்லணும். இல்லாட்டி இல்லைன்னு,” என்றான் ஸ்ரீகரன்.

“அதான் தப்பு! எப்பவும் ‘ஆச்சு’ன்னு சொல்லணும்லா. அது கேள்வியே இல்ல தம்பி, மரியாதை.”

ஸ்ரீகரன் மனத்தில் பதித்துக்கொண்டான். வயது இருபத்தெட்டு. ஆட்டிசம் உள்ளவன். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வோடு படிப்பு நின்றுவிட்டது. போன நேர்காணல்களில் எல்லாம் அவனைக் கவிழ்த்தது அவன் சொன்ன உண்மைகள்தான். செபராங் ஜெயா கடை ஒன்றில், “ஏன் எங்க கடைக்கு வந்தீங்க?” என்று கேட்டார்கள். “மத்த கடையில எடுக்கல,” என்றான்.

இந்த வேலையும் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் பெரியப்பாவின் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவ வேண்டும் என்று அக்கா தாட்சாயினி சொல்லிவிட்டாள். ஒரு நாள் அங்கே போனவன், எவர்சில்வர் தட்டுகள் மோதும் சத்தம் தாங்காமல் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதனால்தான் அக்காவின் கணவர் மோகனராஜ் பயிற்சி கொடுக்க முன்வந்தார். அலுவலக டையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நேர்காணலுக்கும் லீவு போட்டதாகச் சொல்லி அவரே கூட்டிப்போனார்.

“கண்ணைப் பாக்க முடியலன்னா புருவத்தைப் பாரு. எதைக் கொடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லு. சிரிச்சுக்கிட்டே இரு.”

“சரி அத்தான்.”

புக்கிட் தெங்காவில் சம்பல் என்னும் மிளகாய்த் தொக்கு செய்யும் தொழிற்சாலை. உள்ளே கார் நிறுத்த இடம் தாராளமாகக் கிடந்தது. ஆனாலும் மோகனராஜ் காரை வெளியே மரத்தடியில் நிறுத்தி, இருக்கையைச் சாய்த்துக்கொண்டார்.

“நீ போ தம்பி. நான் உள்ள வரல.”

மேலாளர் கமால் மலாயில் அன்பாகக் கேட்டார்: “சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு,” என்றான் ஸ்ரீகரன். காலையிலிருந்து பட்டினி.

கமாலின் முகம் மாறியது. “ருசி பாக்கிற வேலை. சாப்பிடாம வாங்கன்னு மெசேஜ் அனுப்பினோமே! என்ன சாப்பிட்டீங்க?”

இதற்குப் பயிற்சி இல்லை. ஊரே காலையில் சம்பலோடு சாப்பிடும் தேங்காய்ப்பால் சோற்றைச் சொன்னான்: “நாசி லெமாக்.”

“சம்பலோடவா? காரம் நாக்குல நிக்குமே!”

“சம்பல் இல்லாம.”

“சம்பல் இல்லாத நாசி லெமாக்கா?” கமால் பேனாவைக் கீழே வைத்தார். “சரி, ஏன் என் நெத்தியையே பாக்கறீங்க? ஏதாவது ஒட்டியிருக்கா?”

ஸ்ரீகரன் சிரித்தான். கமால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இருந்தாலும் மூன்று கிண்ணங்கள் வந்தன. முதல் கரண்டி. “நல்லாருக்கு.” இரண்டாவது. “நல்லாருக்கு.” மூன்றாவதை வாயில் வைத்ததும் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் தளும்ப, சிரிப்பு மாறாமல் சொன்னான்: “நல்லாருக்கு.”

“நன்றி. நீங்க போகலாம்.”

ஸ்ரீகரனின் காதுக்குள் எவர்சில்வர் தட்டுகள் மோதின. எழுந்தவன் அப்படியே நின்றான்.

“நான் சாப்பிடல. நாசி லெமாக்கும் பொய். முதல் சம்பல்ல உப்பு அதிகம். ரெண்டாவது பரவாயில்ல. மூணாவது கெட்டுப்போச்சு, யாருக்கும் விக்காதீங்க. மத்ததெல்லாம் அத்தான் சொல்லிக்கொடுத்தது.”

கமால் கண்ணீர் வரச் சிரித்தார்.

“மூணாவத நாங்கதான் வேணும்னே புளிக்கவிட்டு வெச்சிருக்கோம். மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.” கண்ணாடி அறை ஒன்றைக் காட்டினார். “அங்க தனியா உக்காரணும். வேலை நேரத்துல யாரோடும் பேசக் கூடாது. கஷ்டமா இருக்குமே?”

ஒரு நாற்காலி, ஒரு மேசை. துளிச் சத்தமில்லை.

“இல்ல,” என்றான் ஸ்ரீகரன். இம்முறை சிரிப்பு தானாகவே வந்தது.

வாசலில் செய்தி கேட்டதும் மோகனராஜ் காரிலிருந்து குதித்து இறங்கினார். “பாத்தியா! எல்லாம் நம்ம ட்ரெய்னிங்லா!”

சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த காவலாளி ராமதாஸின் முகம் மலர்ந்தது.

“அட, டை கட்டின அண்ணே! போன மாசம் இதே வேலைக்கு இன்டர்வியூ வந்து, அந்தக் கெட்டுப்போன சம்பல ‘நல்லாருக்கு’ன்னு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, இன்னுமா உங்களுக்கு வேலை கிடைக்கல?”