தவளைப் பிட்டரும் சூப்ரண்டு விராலும்

மனுஷருக்குச் சிலை வைக்கும் பழக்கம் மட்டும் மீன்களிடம் இருந்திருந்தால், தேவாரம் ஊர்க் கண்மாயில் மடைக்குப் பக்கத்தில் தவளைப் பிட்டர் ஆளுயரத்துக்கு நின்றிருப்பார். வருஷக்கணக்கில் தினமும் காலையில் கண்மாய்க்குப் போய், தூண்டில் நரம்பு வீசி, ஒரு அயிரையைக்கூடத் துன்புறுத்தாமல் வீடு திரும்பிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். திறமைக் குறைவெல்லாம் இல்லை. அவருடைய தூண்டிலில் முள்ளே கிடையாது.

ஊருக்குள் செல்போன் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலம். கிளை நூலகத்து வேலைக்காக நான் தேவாரம் வந்து இறங்கினேன். தங்கியது ஒரு காம்பவுண்டில். வரிசையாக மூன்று வீடு. முதல் வீட்டில் இட்லிக் கடை சரசக்கா. கடைசியில் நான். நடுவில் பிட்டர். தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் திருப்பூரில். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கரண்டு பில்லில் ஏதோ ஒரு பெயர் வரும். "இது யாரு வீட்டு பில்லு?" என்று அவரே கேட்பார்.

நான் பெட்டியை இறக்கி வைத்து அரைமணி நேரம் ஆகியிருக்காது. வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பச்சைத் தவளை.

"தம்பி, படிச்ச புள்ளையாம்ல? ஒண்ணு கேக்குறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ விரால் மீனா இருந்தா, இதைக் கடிப்பியா, மாட்டியா?"

தவளை மரத்தில் செய்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வி எதிலும் வந்ததில்லை. வாங்கி, திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்தேன்.

"கடிக்க மாட்டேங்கய்யா. பெயிண்டு வாசம் வருது."

தவளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு நடுவீட்டைப் பார்த்து, அங்கே யாருமே இல்லை என்றாலும், சத்தமாகச் சொன்னார். "கேட்டுச்சா? இத்தனை வருசத்துல ஒரு பயலாவது இதைச் சொன்னானா?"

அன்றிலிருந்து நான் அவருக்கு லைப்ரரி தம்பி. அரசாங்கச் சம்பளத்தில் நூலகர், காலை நேரத்தில் விரால்.

இந்தக் கேள்வியை அவர் கேட்காத ஆள் ஊரில் இல்லை. பஸ் கண்டக்டரிடம் கேட்பார். ஊசி போடுகிற டாக்டரிடம் கேட்பார். ஒரு கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தில் கேட்டதில், பின்னால் பதினைந்து பேர் காத்துக்கிடந்தார்கள். சரசக்காவிடம் மட்டும் ஒரே ஒருமுறை கேட்டார்.

"நான் விராலா இருந்தா, ஒம்ம மூஞ்சியப் பாத்ததுமே அடுத்த கம்மாய்க்குக் குடி போயிருப்பேன். தள்ளுமய்யா, இட்லி வேகுது."

அவர் வீட்டில் சமையலறையே கிடையாது. அது இருந்த இடத்தில் பட்டறை. மலையடிவாரத் தோப்புகளில் ஒடிந்து விழும் இலவமரக் கிளைதான் சரக்கு. காய்ந்த இலவங்கட்டையைக் கையில் வைத்தால் அப்பளம் வைத்த மாதிரி இருக்கும். மனைவியின் தையல் மெஷினில் மிதிகட்டையையும் சக்கரத்தையும் வைத்து ஒரு கடைசல் மெஷின் பண்ணியிருந்தார். "அவ மிதிச்ச வரைக்கும் தெருவுக்கே ஜாக்கெட்டு. நான் மிதிக்க ஆரம்பிச்சதுல தெருவுக்கே மரத்தூளு" என்பார். கழற்றி எடுத்த தையல் மெஷின் தலையைச் சுவரோரம் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தார். அந்த வீட்டில் தூசி படாத பொருள் அது ஒன்றுதான்.

மிதித்து, கடைந்து, உளியால் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சைக்கிள் டியூப்பில் கால் வெட்டி ஒட்டி, பிள்ளையாருக்கு வைக்கிற குண்டுமணியைக் கண்ணாக வைப்பார். ஒரு தவளைக்கு முழுசாகப் பத்து நாள். சரசக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதை மீனு கடிக்கிறதா, கும்புடுறதா?" என்றார்.

பெயிண்டு வாசம் என்று நான் வாயை விட்டதால் ஒரு வில்லங்கம் வந்தது. பிட்டர் நகப்பாலீஷுக்கு மாறிவிட்டார். காய்ந்தால் வாசம் வராதாம். வாரம் ஒருமுறை ஃபேன்ஸி ஸ்டோரில் போய் நிற்பார். அறுபது தாண்டிய, பெண்டாட்டி இல்லாத மனிதர் வாரா வாரம் நகப்பாலீஷ் வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? பாலீஷ் பூசிக்கொள்கிற அம்மா பக்கத்து ஊர் கோம்பையில் இருக்கிறார் என்றது ஒரு கட்சி. போடி என்றது இன்னொரு கட்சி. சரசக்கா இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கடை வரைக்கும் பின்னாலேயே போனார். கடைப்பெண் கேட்டிருக்கிறாள், "எந்தக் கலருங்கய்யா?"

"அடிவயித்துக் கலரு."

"என்னதுங்கய்யா?"

பிட்டர் சட்டைப்பையிலிருந்து தவளையை எடுத்து மல்லாக்கப் போட்டிருக்கிறார். கடைப்பெண் அலறிய அலறலில் சரசக்காவுக்கு விஷயம் முழுவதும் விளங்கிவிட்டது. "நாங்கூட அவருக்கு ஏதோ நல்லது நடக்கப் போகுதுன்னுல்ல நெனச்சேன்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

நூலகத்திலும் அவர் பெயர் பெரிய பெயர். உறுப்பினராகச் சேர்ந்து ஒரே ஒரு புத்தகத்தை மட்டுமே எடுத்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பழைய உயிரியல் புத்தகம். தவளைப் படத்துக்காக எடுத்தார். திருப்பித் தருவார், மறுநாளே எடுப்பார். பதினோரு தடவை. தவளையை முடித்து அடுத்தடுத்த பக்கங்களுக்கும் போய்விட்டார். "பாம்புக்குக் காதில்லையாம் தம்பி. மகுடி ஊதுறவனுக்கு யாரு சொல்றது?" என்று வருத்தப்படுவார்.

இவ்வளவும் யாருக்காக? மடைக்கல்லுக்கு அடியில் குடியிருந்த ஒரே ஒரு விராலுக்காக. தொடை கனத்துக்கு இருக்கும் என்றார்கள். பிட்டர் அதற்கு வைத்த பெயர் சூப்ரண்டு. மில்லில் அவருக்கு மேலே ஒரு சூப்ரண்டு இருந்தாராம். எந்த வேலையை முடித்துக் கொண்டுபோனாலும் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இன்னுங்கொஞ்சம் பாரும்யா" என்பாராம். இந்த விராலும் அதே ஜாதி. பிட்டர் தவளையை வீசி, நரம்பைச் சுண்டிச் சுண்டி இழுப்பார். தவளை தத்தித் தத்தி வரும். சூப்ரண்டு கீழேயிருந்து எழும்பி வந்து, பக்கத்தில் நின்று, மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கிவிடும்.

"பாத்தியா? கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு."

ஒரு மழைநாளில் நிஜத் தவளை ஒன்று அவருடைய மரத்தவளை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. கரைக்கு இழுத்த பிறகும் கட்டிக்கொண்டே இருந்தது. பிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "தவளையே நம்பிருச்சு தம்பி! இவரு நம்ப மாட்டேங்குறாரே!"

ஏன் முள் வைக்கவில்லை என்று கேட்டேன். மீன் வாடையே ஆகாத மனிதர் அவர். "கடிச்சாருன்னு தெரிஞ்சாப் போதும். நம்பி வாயத் தொறக்குற ஆளை முள்ளு வச்சு இழுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

மகன் திருப்பூருக்கு வரச் சொல்லி எஸ்.டி.டி. பூத்துக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தான். ஒருமுறை போனார். நாலாம் நாள் திரும்பிவிட்டார். "மூணாவது மாடி. எல்லாரும் ஷிப்டுக்குப் போயிர்றாக. வாட்ச்மேன் ஒருத்தரு இருந்தாரு, நேபாளத்துக்காரரு. விரால்னா என்னன்னு அவருக்கு வெளங்க வைக்கவே ரெண்டு நாளாச்சு." அதற்கப்புறம் மகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். பூத்துக்கு வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்டது. "இந்த விரால் ஒரு தடவை கடிச்சிரட்டும்யா. மறுநாளே பஸ் ஏறிர்றேன்."

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் வடுகபட்டியில் பூண்டு மண்டிக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலை கிடைத்த மாதம் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். ஊருக்குப் போனால் நான் மட்டும் அதில் உட்கார வேண்டும். மற்றவர்கள் தரையில். கலகலவென்று பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் நுழைந்ததும் நிறுத்திவிட்டு, "சாப்புட்டியாய்யா?" என்பார்கள். அதற்கு மேல் என்னிடம் என்ன கேட்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. பல ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறாமல் அறையிலேயே கிடப்பேன். நடுவீட்டு மெஷின் கடகடக்கிற சத்தம் சுவர் வழியாக வரும். பிறகு கதவு தட்டப்படும். "தம்பி, நீ விராலா இருந்தா..."

என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேள்வி கேட்ட ஒரே மனிதர் அவர்.

அந்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை கண்மாய் அழிப்பு என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். கரையில் ஊர்ப்பெரியவர் நின்று துண்டை வீசினால், ஊரே ஊத்தாக் கூடையும் பழஞ்சேலையுமாக இறங்கி, இருக்கிற மீனையெல்லாம் அரித்துவிடும். சூப்ரண்டுக்கு இன்னும் ஒருநாள்தான்.

சனிக்கிழமை காலையில் பிட்டர் நாற்பத்தொன்றாவது தவளையுடன் கிளம்பினார். அடிவயிறு கனகாம்பரக் கலர். நானும் கூடப் போனேன். அவரிடம் இரண்டு கண்ணாடி உண்டு, கிட்டப் பார்க்க ஒன்று, எட்டப் பார்க்க ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி. எப்போதும் தப்பானதைத்தான் மாட்டியிருப்பார். தவளையை வீசிவிட்டு, தண்ணீரில் வெயில் கூசியதும், "ஒண்ணுந் தெரியலயே" என்று குனிந்து கண்ணாடியை மாற்றினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் 'ளபக்' என்றது.

தண்ணீர் பிளந்தது. தட்டு மாதிரி ஒரு தலை எழும்பியது. தவளையைக் காணோம். நரம்பு விறைத்தது. முள் இல்லையே, அடுத்த நொடி உமிழ்ந்துவிட்டது. தவளை மறுபடி மேலே வந்து, எதுவும் நடக்காத மாதிரி மிதந்தது.

"என்னா தம்பி சத்தம்?"

வாயைத் திறந்தேன். 'கடிச்சிருச்சுய்யா' என்று சொல்லத்தான் திறந்தேன். அந்த ஒரு நொடியில் நடுவீட்டுக் கதவில் ஒரு பூட்டுத் தொங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஆமைங்கய்யா. ஆமை முங்குச்சு."

நான் பொய்யே சொல்லத் தெரியாதவன் என்று நம்பிக்கொண்டிருந்த ஆள். பிட்டர் மெதுவாக நரம்பைச் சுற்றினார். தவளையை எடுத்துத் துடைத்தார். வெயிலுக்குத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரலால் அடிவயிற்றைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"ஆமைதான் போல" என்றார். தவளையை வழக்கமான தகர டப்பாவில் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வா தம்பி, காப்பி குடிப்போம்."

மறுநாள் துண்டு வீசப்பட்டது. கெண்டை, கெளுத்தி, குரவை எல்லாம் கிடைத்தன. சரசக்கா சேலை நிறைய அள்ளினார். மடைப் பள்ளத்தை இருபது பேர் கலக்கியும் சூப்ரண்டு மட்டும் அகப்படவில்லை. விரால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை வந்தால் எழுந்து வரும். பிட்டர் நேராக பூத்துக்குப் போனார்.

"இன்னுங் கடிக்கலய்யா. அவரு மெடிக்கல் லீவுல போயிட்டாரு. மழ பெய்யட்டும், பாப்போம்."

மழை பெய்தது. கண்மாய் பெருகியது. பிட்டர் மறுபடி நரம்பு வீசப் போனார். ஆனால் மடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்மாயின் எதிர்க்கோடியில் போய் உட்கார்ந்துகொள்வார். ஏன் என்றால், "அங்கன ஆமைத் தொல்ல ஜாஸ்தி தம்பி" என்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அப்படியே இரண்டு வருஷம்.

பிறகு எனக்குப் பெரியகுளம் பக்கம் மாறுதல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். "இங்கன பிரிக்காத. போற வழியில பாரு" என்றார். பஸ் கிளம்பும் வரை கண்டக்டரிடம் விராலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வாரம் கழித்து சரசக்கா போனில் சொன்னார், "பிட்டரு திருப்பூருக்குப் போயிட்டாருப்பா. மீனப் பத்திப் பேச்சே எடுக்கல. கதவ நானே பூட்டுனேன்."

போடியைத் தாண்டியதும் பஸ்ஸில் பிரித்திருந்தேன். நாற்பத்தொன்றாவது தவளை. கனகாம்பர அடிவயிற்றில் இரண்டு பக்கமும் வரிசையாகப் பொடிப்பொடிக் குழிகள். சூப்ரண்டு பல்லால் போட்ட கையெழுத்து. ஒரு கீறல் விழுந்தாலே ஃபேன்ஸி ஸ்டோருக்கு ஓடுகிற மனிதர், அதன்மேல் ஒரு சொட்டு பாலீஷ் பூசவில்லை. வழக்கம்போலத் தப்பாக, அன்றைக்கு அவர் மாற்றிக்கொண்டது கிட்டப் பார்க்கிற கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் தெரிந்திருக்காது. கையிலிருந்த தவளை நன்றாகவே தெரிந்திருக்கும்.

பதினோரு தடவை எடுத்துப்போன அந்த உயிரியல் புத்தகத்தில், தவளைக்கு நாலு பக்கம் தள்ளி ஆமை வரும். ஆமைக்குப் பல் கிடையாது என்று முதல் வரியிலேயே போட்டிருக்கும். என் பொய்யை இரண்டு வருஷம் சட்டைப்பையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார் மனுஷன்.