பார்சல் அக்காவுக்கு ஏற்ற மட்டை

கனமான மட்டை அக்காவின் கையைவிட்டுப் பறந்து, சூப்பர்வைசரின் ஸ்கூட்டர் கண்ணாடியில் போய் இறங்கியது. பந்து மட்டும் ஒரு கீறல் இல்லாமல், பின்னால் நின்றவர் கையில் பத்திரமாக இருந்தது.

பார்சல் ஆபீஸில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கூடைகளில் போடுவது அக்காவின் வேலை. நடந்துபோய்ப் போடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. இடுப்பில் ஒரு திருப்பு, கையில் ஒரு வீச்சு, பார்சல் கூடைக்குள் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் எதைச் சுழற்றினாலும் கடைசியில் கை தானாக விட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்ச்சாரி லாரி ஆபீஸோடு சாஃப்ட்பால் மேட்ச். டீமில் அக்கா ஒருத்திதான் பெண். அவள் சொதப்பினால் இனி எந்தப் பெண்ணையும் டீமில் சேர்க்க மாட்டார்கள். அதற்காகவே காத்திருந்தவர் கேப்டனான சூப்பர்வைசர்.

"என் மச்சான் ஆடட்டும். நீங்க தண்ணி பாட்டிலைப் பாத்துக்குங்க" என்றார்.

"பாட்டிலை உங்க மச்சான் பாத்துக்கட்டும் சார். நான் ஆடுறேன்."

கனம்தான் கோளாறு, வீச்சு வேகமாக இருப்பவர்களுக்கு லேசான மட்டைதான் சரி என்றார் ஆபீஸில் பார்சல் எடை போடுகிறவர். லேசானது வாங்கினாள். லேசாக இருந்ததால் அது இன்னும் தூரம் பறந்து கொட்டகைக் கூரைமேல் போய் உட்கார்ந்தது.

பிடி வழுக்குகிறது என்றார்கள். பார்சல் டேப்பை மட்டையின் பிடியில் சுற்றி, கையுறை மாட்டிக்கொண்டு சுழற்றினாள். இந்த முறை மட்டையோடு கையுறையும் சேர்ந்து போனது. மச்சானின் இரண்டு காலுக்கும் நடுவில் போய் விழுந்தது. அன்று மாலையே மச்சானுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைவரை இறங்காது என்று அவரே சொல்லி அனுப்பினார்.

வீட்டில் கணவர், "பேசாம விட்டுடேன்மா, எதுக்கு வம்பு" என்று சொல்லிப் பார்த்தார். விடுவதுதானே பிரச்சினையே என்று மனதுக்குள் நொந்துகொண்டு, அக்கா இன்னொரு மட்டை வாங்கக் கிளம்பிவிட்டாள். எவன் என்ன சொன்னாலும் சரி, இந்த முறை தன் கைக்குப் பிடித்ததை மட்டும்தான் வாங்குவது என்று வைராக்கியம். கனமும் இல்லை, லேசும் இல்லை. கடையில் பிடித்துப் பார்த்ததுமே மனசுக்குப் பட்டது.

சனிக்கிழமை ஆபீஸ் முற்றத்தில் அதைச் சுழற்றியபோது பந்து சுவரைத் தாண்டிப் போனது. எதிர்ச்சாரி ஜன்னல்களில் லாரி ஆபீஸ் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அக்கா பந்து போன திசையையே பார்த்துப் பூரித்துப்போனாள்.

மேட்ச் கடைசிக் கட்டத்தில் சமநிலையில் நின்றது. ஓடிக் கடக்க வேண்டிய மூன்று தளத்திலும் பார்சல் ஆபீஸ் ஆட்கள் நிற்க, அக்காவின் முறை வந்தது. சூப்பர்வைசர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா மட்டையை இரண்டு தரம் சுழற்றிவிட்டுக் காலை ஊன்றி நின்றாள்.

அன்று முழுக்க ஒரு பந்துகூடக் குறி தவறிப் போடாத லாரி ஆபீஸ் பந்துவீச்சாளர், முதல் பந்தை அவள் தலைக்கு மேலே போட்டார். அடுத்தது தரையில் புரண்டது. மூன்றாவது எங்கேயோ போனது. "நேரா போடுங்க தம்பி" என்று அக்காவே சொல்லிவிட்டாள். நான்காவதும் விலகியது. நான்கு பந்து விலகினால், ஆடுகிறவர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம் என்பது விதி. அக்கா நடந்தாள். அவளுக்கு இடம்விட்டு ஆளுக்கு ஒரு தளம் நகர, மூன்றாவது தளத்தில் நின்றவர் ஓட்டத்தை முடித்தார். பார்சல் ஆபீஸ் ஜெயித்துவிட்டது.

அக்கா நேராக சூப்பர்வைசரிடம் போனாள். மட்டையை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"பாத்தீங்களா சார்? என் அடிக்குப் பயந்து அவனுக்குப் பந்தே போட வரல. அடுத்த வருஷம் இன்னும் நாலு பொண்ணுங்களைக் கூட்டிட்டு வருவேன். என் வீச்சுக்கு ஏத்த பேட் இதுதான்."

சூப்பர்வைசர் சரியென்று தலையாட்டினார். கை கொடுக்க வந்து நின்ற பந்துவீச்சாளர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஜன்னல்லருந்து நீங்க பேட் விட்டதையெல்லாம் பாத்துட்டேன்க்கா. பந்து எங்க போனா எனக்கென்ன? நீங்க பேட்டை விட்டா நேரா வர்ற இடத்துல நான்ல நிக்கிறேன். நான் புள்ளகுட்டிக்காரன்."