லேப்டாப்பைப் பார்த்த மாப்பிள்ளைகள்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் சமீபத்தில் கல்யாணம் ஆன வீடு எதற்காவது போனால், ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், மாமனார், மச்சான், கைக்குழந்தை வரை ஒருத்தர்கூட உங்களைப் பார்க்க மாட்டார்கள். பந்திக்கு யாரோ கூப்பிட்டது போல எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பியிருப்பார்கள். ஒரு வட்டாரத்தையே இப்படிக் கழுத்தைத் திருப்ப வைத்த புண்ணியவான் ஒருவர்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். போட்டோ பிடிக்கிற அவர் ஊருக்குத் 'தெரியுதா' அண்ணன்.

எல்லாம் விராலிமலையில் ஒரு காதுகுத்தில் ஆரம்பித்தது. அழுகிற குழந்தையைப் படம் எடுக்கப் பின்னாலேயே நகர்ந்து போனவர், குறுக்கே ஒரு மயில் வந்ததில் மிரண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரை மட்டும் கறுத்துப்போனது. ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிற துளை இருக்குமே என்பீர்கள். அண்ணன் கண்ணாடி போட்டவர். அதுவும் கைக்கெட்டும் தூரத்துக்கு மட்டும் அளவெடுத்த கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் நிற்பது மாப்பிள்ளையா குத்துவிளக்கா என்று அவர் சத்தியம் பண்ண மாட்டார்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. ஒரு நீளமான கேபிளை வாங்கி அதையும் கேமராவையும் கோத்தார். நான் அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உரக்கடைக்கு மேலே இருக்கிற அவர் ஸ்டூடியோவில்தான் இருந்தேன். லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை.

"என்னண்ணே, கேபிள் போச்சா?"

"கேபிள் நல்லாத்தான்ப்பா இருக்கு. கேமராவும் படத்த வெளிய அனுப்புது, இந்த ஓட்டை வழியா லேப்டாப்பும் வெளியதான் அனுப்புமாம். ரெண்டும் பேசிக்கிட்டே இருந்தா கேக்குறது யாரு? எங்க வீடு மாதிரியே இருக்கு."

மறுநாள் திருச்சிக்கு பஸ் ஏறிப்போய், பென் டிரைவ் மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். கேப்சர் கார்டு என்று பெயர். கேபிளை அதில் மாட்டி லேப்டாப்பில் செருகியதும், லேப்டாப் அடங்கி ஒடுங்கிக் கேமரா சொல்வதைக் கேட்க ஆரம்பித்தது. திரை முழுக்க என் முகம் வந்தது. இவ்வளவு பெரிதாக என் மூக்கை நான் அதுவரை பார்த்ததில்லை.

வேறு யாராக இருந்தாலும் லேப்டாப்பைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்த்திருப்பார்கள். இவர் அதைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் வைத்து, மேடையைப் பார்த்துத் திருப்பினார். சேருக்கு ஓரமாகக் குத்தவைத்து, கழுத்தை மட்டும் நீட்டித் திரையைப் பார்த்தபடி, கையிலிருக்கும் ரிமோட்டை அமுக்குவார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"எடுக்கப்போறது அவுக மூஞ்சி. அவுக பாக்காம நான் மட்டும் பாத்தா நியாயமா?" என்றார்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் மேடையைப் பார்த்து, "தெரியுதா?" என்பார். தெரிந்ததுதான் வினையாகிப்போனது. தன் முகம் அவ்வளவு பெரிதாகத் தெரியும்போது கேமராவைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? போதாததற்கு, திரையில் வருவது முகம் பார்க்கிற கண்ணாடியில் தெரிவது போல இல்லை, இடது வலதாகத் தெரியும். கன்னத்தில் சந்தனம் அப்பியிருக்கிறதே என்று மாப்பிள்ளை துடைக்கப் போவார். கை எதிர்க் கன்னத்துக்குப் போகும். சுத்தமாக இருந்த கன்னத்திலும் சந்தனம் ஏறிவிடும். படமும் ஒரு மூச்சு பிந்தித்தான் வரும். குடுமியான்மலைக் கல்யாணம் ஒன்றில் தாய்மாமன் அட்சதை போட்டுவிட்டு, லேப்டாப்பிலும் தான் போட்டாயிற்றா என்று பார்த்த பிறகுதான் மேடையை விட்டு இறங்கினார்.

இந்த மனுஷரைத்தான் என் தங்கை கோகிலாவின் கல்யாணத்துக்கு அம்மா பிடிவாதமாகப் பேசி வைத்தாள். காரணம் இருந்தது. கோகிலாவுக்குத் தெத்துப்பல். பள்ளிக்கூடத்தில் எவளோ என்னவோ சொல்லிவிட்டாள், அன்றைக்கு மூடிய வாய். வீட்டில் சிரிப்பாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. போட்டோ என்றால் உதட்டைப் பூட்டிவிடுவாள். அவள் சிரித்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது.

அம்மா அண்ணனிடம் நேராகவே கேட்டாள். "கல்யாணத்தன்னைக்காவது எம்புள்ள சிரிச்ச மாதிரி ஒரு படம் வேணும் தம்பி. அவ மூஞ்சிய அவளே பாத்தா கூச்சம் போயிரும்ல?"

"போயிரும்க்கா. அதுக்குத்தான லேப்டாப்பு," என்றார் அவர்.

போகவில்லை. தாலி கட்டி முடிந்து படம் எடுக்க நின்றதும் கோகிலா திரையைப் பார்த்தாள். உதடு கொஞ்சம் விலகியதும் பல் எட்டிப் பார்த்தது. அதையும் பார்த்தாள். அவ்வளவுதான், இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். ஒவ்வொரு படத்துக்கும் இதே கதை. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மேடைக்குக் கீழே நின்ற அம்மாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. எனக்கு அண்ணன் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அவர் குத்தவைத்த இடத்திலிருந்து திரையில் கோகிலாவைப் பார்த்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தார். அந்தத் தூரத்துக்கு அவருக்கு அம்மா வெறும் சேலை நிறமாகத்தான் தெரிந்திருப்பாள். எழுந்து, லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

"ஆத்தா, மூடிட்டேன். இனிமே ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குத்துமதிப்பா எடுக்குறேன்."

கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதைப் பந்தல் கம்பு பக்கம் திருப்பினார். பிறகு நாதஸ்வரக்காரர் பக்கம் திருப்பினார்.

"எங்கிட்டு நிக்கிறீங்க ரெண்டு பேரும்? மாப்ள, ஒரு சத்தம் குடுங்க."

எங்கள் மாப்பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறவர். மாலையும் கழுத்துமாக நின்றபடி, "இங்கிட்டுண்ணே, இங்கிட்டு இருக்கோம்," என்று குரல் கொடுத்தார். கேமரா அவர் குரலைத் தேடிக்கொண்டு வந்து புரோகிதர் மேல் நின்றது. "இன்னும் கொஞ்சம் அங்கிட்டுண்ணே," என்றார் மாப்பிள்ளை, ரொம்பப் பொறுப்பாக.

கோகிலா வெடித்துச் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தக் கையைத் தூக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோனது. அந்தச் சத்தம் வந்த பக்கம் கேமராவைத் திருப்பி, அண்ணன் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார்.

அவற்றில் ஒன்றுதான் தேறியது. தேறியது என்பதும் மரியாதைக்குச் சொல்வது. மாப்பிள்ளைக்குப் புருவத்துக்கு மேலே தலை இல்லை. ஓரத்தில் யாருடைய முழங்கையோ இருக்கிறது. நடுவில் கோகிலா, தெத்துப்பல்லும் ஈறும் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆல்பம் வந்த அன்று அம்மா அந்தப் பக்கத்தைத் திருப்பவே விடவில்லை. கோகிலா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தாண்ணே இருக்கேன்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியது, தலை போன மாப்பிள்ளையேதான்.

அங்கே வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த மாதிரி எடுத்தது?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். இவ்வளவு நேரம் அண்ணனைக் கேலி செய்தவன் நான்தான். ஆனால் வேறு ஆள் சிரித்தால் எனக்குச் சுருக்கென்கிறது.