தலை மேலே இருக்கும் குழந்தையும் நான்கு மருத்துவச்சிகளும்

கிளாத்தென்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கை வுர்யானிக்கு,

சலாம். இங்கே மாமியாரின் மூட்டுவலி நீங்கலாக அனைவரும் நலம். செமாராங்கில் நீயும் உன் வீட்டுக்காரர் தம்பி ஹெருவும் நலமாக இருக்கவும், வயிற்றிலுள்ளது நல்லபடியாகத் திரும்பவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

முப்பத்து மூன்றாவது வாரத்திலும் குழந்தையின் தலை மேலேயே இருக்கிறது, இப்படியே போனால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். உன் கடிதத்தை எங்கள் சுகாதார நிலையத்தின் மற்ற மூன்று மருத்துவச்சிகளிடமும் காட்டினேன். அதுதான் நான் செய்த தவறு. மூத்தவரான துமினி அக்கா, "வயித்தைப் பதமா நீவிவிட்டா தானா உருளும்டி, அதுக்குன்னு கைப்பழக்கம் உள்ளவளைக் கூப்பிடச் சொல்லு" என்றார். கிறிஸ்தாந்தியோ, சீனக் கடையில் மூலிகைச் சுருட்டு விற்கிறார்கள், அதைக் கொளுத்திக் கால் சுண்டுவிரல் பக்கம் காட்டினால் போதும் என்றாள். "குழந்தை வயித்துல இருக்கு, சூடு சுண்டுவிரலுக்கா?" என்றேன். "உன் மேஜைக்குக் கீழ மூணு பாட்டில் ஜாமுக் கஷாயம் இருக்கே, அது எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது?" என்றாள். அது என் முதுகுவலிக்கு. நான் கர்ப்பிணி இல்லை. அதற்குள் நினிங், தேங்காயெண்ணெய் குடித்தால் வழுக்கிக்கொண்டு திரும்பும் என்றாள். இரைப்பை வேறு, கருப்பை வேறு என்று பலகையில் படம் போட்டே விளக்கினேன். வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணி ஒருத்தி, "அப்ப குடிக்கக் கூடாது, வெளிய தடவணுமாக்கா?" என்று கேட்டாள். பதினோரு பேர் தலையாட்டினார்கள்.

ஆகவே நீ எதுவும் செய்யாதே. நீவுகிறவளை வாசல்படி ஏற்றாதே, அது ஆபத்து. சுருட்டு வேண்டாம். எண்ணெய் சமையலோடு நிற்கட்டும். டாக்டர் சொன்ன நாளில் போ. அறுத்துத்தான் எடுக்கணும்னா எடுக்கட்டும்டி, எனக்கு நீயும் வேணும், அதுவும் வேணும். லீவு எழுதிக் கொடுத்துட்டேன். அன்னிக்கு உன் பக்கத்துல இருப்பேன்.

தம்பிக்கு என் அன்பு. இறைவன் உன்னை நோவில்லாமல் இரண்டு உயிராக்கித் தரட்டும்.

உன் அக்கா,
எண்டாங்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தம்பி போன் செய்தார். நேற்றைய ஸ்கேனில் தலை கீழே வந்துவிட்டதாமே. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அவளையே கேளுங்கக்கா" என்று வைத்துவிட்டார். மேலே எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் என்னடி செஞ்சே? எனக்கு மட்டும் எழுது. தலை மேல இருக்கிற கேஸ் ரெண்டு வியாழக்கிழமை வருது.